சத்துக் குளிசை

மருமகள்தான் மருந்தைப் பறித்து வைத்தாள், அதனால்தான் மகன் படுக்கையில் விழுந்தான் என்று பூரணம் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் ரெலிபோன் எடுத்துச் சொன்னாள். வாய் கூசாமல் சொன்னாள். கனடாவுக்கும் சொன்னாள். அந்த வீட்டில் நடந்தது என்னவென்று தெரிந்தவர்களுக்கு அதைக் கேட்க வயிறு பற்றி எரியும்.

மருமகள் சிவகௌரி குளிசைப் போத்தலை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தது உண்மைதான். ஏன் வைத்தாள், வைக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே கதை.

கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் போகிற மணல் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. அவள் புருசன் குகநேசனுக்குத் தேங்காய் வியாபாரம். காணிகளில் காய் பிடுங்குவித்து, லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி வந்து முற்றத்தில் கொட்டி, தானே உரிப்பான். கூர் மேலே தெரிய நிலத்தில் நட்ட அலவாங்கில் தேங்காயைக் குத்தி ஒரு திருகு, திருப்பிக் குத்தி இன்னொரு திருகு, மூன்றாவதில் மட்டை கழன்று விழும், குடுமியோடு காய் கையில் நிற்கும். வெயில் ஏற முன்னம் முந்நூறு காய் உரித்துவிட்டுத்தான் பிட்டும் சம்பலும் கேட்பான். நாற்பத்தொரு வயது. குடியில்லை, வெற்றிலைகூட இல்லை. தன் தமையன் ரூபன் தனக்குத் தங்கமான மாப்பிள்ளையைத்தான் பார்த்துத் தந்தான் என்று சிவகௌரி தொண்டைமானாற்றில் கூடப்படித்த பெட்டையளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கலியாணமாகி ஏழு வருசம். ஆரபி என்று ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை.

குகநேசன் நாள் தவறாமல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெள்ளைக் குளிசை எடுப்பான். தோடம்பழப் படம் போட்ட போத்தல். என்ன அது என்று தொடக்கத்தில் அவள் கேட்டபோது, "சத்துக் குளிசை. அலவாங்கோடை மாரடிக்கிற உடம்புக்கு உது வேணும்" என்றான். முடியமுடிய யாழ்ப்பாணம் போய் வாங்கி வருவான். போய் வந்த கையோடு அறைக்குள் போய்ப் போத்தலை நிரப்பி வைப்பான். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது.

போன புரட்டாதியில் இரண்டு பேருமாக விரதம் பிடிப்பதாக நேர்ந்தார்கள். ஆரபிக்கு ஒரு துணை வேண்டும். கௌரி விரதம் இருபத்தொரு நாள், பொழுதுபட ஒருநேரச் சாப்பாடு. அது தீபாவளியோடு முடிய அடுத்த நாளே கந்தசட்டி ஆறு நாள், அவளுடைய ஊர்ச் சந்நிதியில் போய் இருந்து தண்ணீரோடு மட்டும். எல்லாமாக இருபத்தேழு நாள். விரதம் தொடங்க முதல்நாள் சட்டிபானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவள் கண்ணில் அந்தப் போத்தல் பட்டது.

"இஞ்சாருங்கோ, விரதத்துக்கு உந்தக் குளிசை சரிவராது."

"ஏன்?"

"சத்துக்குத்தானே எடுக்கிறியள். பசி கிடக்கிறதெண்டு நேந்துபோட்டுச் சத்தை விழுங்கினா அது என்ன விரதம்? உதுகளுக்கை மீனெண்ணெய், மாட்டுக் கொழுப்பு எல்லாம் போடுறாங்கள் எண்டு கோயிலிலை கதைச்சவை."

"எல்லாத்திலையும் போடுறேல்லை, கௌரி."

"இதிலை போடேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ? வருத்தத்துக்கு எடுக்கிற மருந்தெண்டா ஆர் என்ன சொல்லப்போகினம். மாமி பிறசருக்கு எடுக்கிறா, நான் மறிச்சனானே? இது மருந்தே?"

குகநேசன் வாயைத் திறந்தான். ஓம், மருந்து என்று சொல்லியிருந்தால் அவள் தண்ணீரும் வார்த்துக் கொடுத்திருப்பாள். அவன் குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த தாயைப் பார்த்தான். பூரணம் தலை நிமிரவில்லை.

"சத்துத்தானே மோனை," என்றாள். "ஒரு மாதம் விட்டா ஒண்டும் குறைஞ்சிடாது. அவள் சொல்லுறபடி செய்."

சொன்னது அவள். பெற்ற தாய். அதற்குப் பிறகுதான் சிவகௌரி கதிரையில் ஏறி நின்று போத்தலை மேலே வைத்தாள்.

விரதம் நல்லபடியாக முடிந்தது. சந்நிதியில் ஆறு நாளும் மழையென்றால் மழை. குகநேசன் மெலிந்து, தாடி வளர்ந்து, சாமியார்போல வந்து சேர்ந்தான். போத்தல் மேலேயே இருந்தது. இருபத்தேழு நாள் விட்டும் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, இனி எதற்கு என்று அவன் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறான். கார்த்திகையில் ஒழுங்கைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது, யாழ்ப்பாணம் போகவேண்டிய திகதியும் தண்ணீரோடு போயிற்று. அவளுக்கு அப்படி ஒரு திகதி இருப்பதே தெரியாது.

மார்கழிக் கடைசியில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. முந்நூறு உரிக்கிறவன் நாற்பதோடு மட்டைக் குவியலில் சாய்ந்து இருந்தான். பொங்கலுக்கு ஊரெல்லாம் தேங்காய் கேட்கிற நேரம். சிவகௌரி சட்டைக்கு மேலே அவனுடைய பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு அலவாங்கடியில் நின்றாள். முதல் நாள் உள்ளங்கை கிழிந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆரபி பொச்சுத்தும்பைப் பிய்த்துப் பொம்மைக்குத் தலைமயிர் செய்துகொண்டிருந்தாள்.

தைப்பொங்கலன்று காலை பொங்கல் பானைக்கு முன்னால் அவன் வந்து நின்றபோதுதான் வெளிச்சத்தில் அவனுடைய கண்ணைப் பார்த்தாள். மஞ்சள்.

"செங்கமாரி," என்றாள் பூரணம், பார்த்த கணத்திலேயே. "கீழ்க்காய்நெல்லி பிடுங்கி மோருக்கை அரைச்சுக் குடுப்பம். ஆஸ்பத்திரியிலை இதுக்கு மருந்தில்லை."

மூன்று நாள் அரைத்துக் கொடுத்தாள். நாலாம் நாள் அவனுக்குக் கதை குழறியது. சிவகௌரி மாமியைக் கேட்காமல் ஓட்டோவை மறித்து ஏற்றினாள். "கொண்டுபோகாதை, பிள்ளை" என்று படலைவரை பின்னால் ஓடி வந்தாள் பூரணம். பிள்ளைப் பாசம் என்று சிவகௌரி நினைத்தாள். அவள் அப்படித்தான், யாரையும் நல்ல விதமாகவே நினைப்பாள்.

பெரியாஸ்பத்திரி வாட்டில் ஒரு பெண் டொக்டர். இளம் ஆள், அதட்டாமல் கதைக்கிறவர். ஆஸ்பத்திரியிலேயே இருந்த அவனுடைய பழைய கிளினிக் கொப்பி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கட்டிலடிக்கு வந்தார்.

"குளிசையை எப்ப நிப்பாட்டினனீங்கள்?"

சிவகௌரிதான் சொன்னாள்.

"இவர் மருந்து ஒண்டும் எடுக்கிறேல்லை டொக்டர். சத்துக் குளிசை மட்டும்தான். அதையும் விரதத்துக்கு நான்தான் எடுத்து வைச்சனான்."

டொக்டர் கொப்பியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "மனுசிக்குச் சொல்லேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார். "நான் சொல்லட்டோ, நீங்களே சொல்லுறியளோ?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கையால் சைகை காட்டினான். நீங்களே சொல்லுங்கோ.

டொக்டர் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னார்.

"இவருக்கு ஹெப்படைட்டிஸ் பி. ஒரு வைரஸ், ஈரலுக்குள்ளை இருந்துகொண்டே இருக்கும். இந்தக் குளிசை அதை இல்லாமல் ஆக்காது, அடக்கி வைச்சிருக்கும். நாள் தவறாமல் எடுத்தா இவர் கிழவனாகுமட்டும் தேங்காய் உரிக்கலாம். எங்களைக் கேக்காமல் விட்டா, ஒரு மாதமோ நாலு மாதமோ, அது திரும்ப எழும்பி ஈரலைத் தாக்கும். இப்ப நடந்திருக்கிறது அதுதான். நல்ல காலம், கொண்டுவந்திட்டீங்கள். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்னாலை ஒண்டும் சொல்லேலாது."

"எவ்வளவு காலமா டொக்டர்?"

"குளிசை தொடங்கி ஆறு வருசம். அதுக்கு முதலே தெரியும். கட்டாருக்குப் போக எண்டு செய்த மெடிக்கலிலை பிடிபட்டதெண்டு இதிலை எழுதிக் கிடக்கு. ஒன்பது வருசமாகுது."

ஒன்பது வருசம். கலியாணமாகி ஏழு. ஏஜென்சிக்காரன் ஏமாற்றியதால்தான் கட்டார்ப் பயணம் தப்பியது என்று பெண் பார்க்க வந்த அன்று பூரணம் சொன்னாள். பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு சொன்னாள். சாதகம் பார்த்தார்கள், சாதி சனம் விசாரித்தார்கள், அவளுடைய பல்வரிசை முதற்கொண்டு பார்த்தார்கள்.

"பயப்பிடாதேங்கோ," என்றார் டொக்டர். "ஒண்டாச் சாப்பிடுறதாலை, தொடுறதாலை வராது. இரத்தத்தாலை வரும், புருசன் பெண்சாதி உறவாலை வரும். உங்களுக்கு இரத்தம் சோதிக்க வேணும். பிள்ளைக்கு ரெண்டு, நாலு, ஆறு மாதத்திலை குத்தின ஊசியிலை இதுக்கான தடுப்பும் இருக்கு, எண்டாலும் பாப்பம். இவரின்ரை அம்மாவும் வந்து சோதிச்சால் நல்லது, சில நேரம் தாயிட்டை இருந்துதான் பிள்ளைக்கு வாறது."

அவள் இரத்தம் கொடுத்தாள். பிள்ளையையும் கூட்டிவந்து கொடுத்தாள். பூரணம் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அவள் காலையில் தேங்காய் உரித்தாள், சந்தைக்கு ஏற்றிவிட்டாள், கஞ்சி கொண்டு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனாள், வந்தாள். அவனோடு கதைக்கவில்லை. கஞ்சியைக் கட்டிலடியில் வைத்துவிட்டுத் திரும்பி இருப்பாள். பிள்ளை நினைவுதான். ஆரபிக்கு இல்லை என்று வந்தால் போதும், தனக்கு என்ன வந்தாலும் வரட்டும் என்று சந்நிதியானை மட்டும் கேட்டாள்.

ஆரபிக்கு இல்லை. அவளுடைய கடதாசியை டொக்டர் இரண்டு தரம் வாசித்தார்.

"உங்களுக்கும் இப்ப இல்லை. ஆனா வந்து போயிருக்கு. பெரிய ஆக்களுக்கு வந்தா கனபேருக்கு உடம்பு தானாகவே வெண்டுபோடும். இனி உங்களுக்கு ஊசி தேவையில்லை. எப்பவாவது செங்கமாரி வந்ததே?"

வந்தது. கலியாணமான முதல் வருசம், ஆடி மாதம். நாற்பது நாள் படுக்கை. தலைமயிர் கொட்டி, எலும்பும் தோலுமாகி, செத்துப்போவேன் என்றே நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவளே அழுது கேட்டாள். செங்கமாரிக்கு ஊசி குத்தினால் ஆள் தப்பாது என்று மறித்தவள் பூரணம். கிணற்றுத் தண்ணீரால்தான் வந்தது என்று சொல்லிக் கிணற்றை இறைப்பித்தாள். பக்கத்திலிருந்து கீழ்க்காய்நெல்லி பருக்கினாள், உடம்பு துடைத்தாள். பெற்ற தாய்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று எழும்பின அன்று சிவகௌரி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மனுசியும் சேர்ந்து அழுதது. எல்லாம் தெரிந்துகொண்டு அழுதது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் இரத்தம் எடுப்பார்கள். எடுத்தால் பிடிபடும். அதற்காக ஒரு உயிரை நாற்பது நாள் வீட்டுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் நேரே வாட்டுக்குப் போனாள். குகநேசன் எழும்பி இருந்து சீனியில்லாத தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கண் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"எனக்குச் செங்கமாரி வந்தது உங்களாலை. உங்களுக்குத் தெரியும் என்ன?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "உமக்கு வந்தாப் பிறகுதான் எனக்கு விளங்கினது, கௌரி. நீர் கிடந்த கோலத்தைப் பாத்திட்டுத்தான் நான் கிளினிக்குக்குப் போய்க் குளிசை தொடங்கினனான். அதுவரைக்கும் எனக்கு ஒண்டும் செய்யாது எண்டு பேசாமல் திரிஞ்சனான்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது. சொன்னா நீர் போயிடுவீர்."

"நான் செத்துப் போயிருந்தா?"

அவன் அழுதான். முன்பென்றால் அவளுக்கு மனம் இளகியிருக்கும். உரிக்கும்போது அவன் கை வெட்டுப்பட்டால், கிட்ட வராதையும், நான் கட்டுறன் என்று அவன் கத்துவதைக்கூடத் தன்மேல் உள்ள அன்பு என்று இத்தனை வருசம் நினைத்திருந்தாள். நினைக்க நினைக்கத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வெளியே வந்து ரூபன் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தாள். "இவருக்கு ஈரலிலை வருத்தமாம். வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி வீட்டை விடுகினம். நீங்கள் ஒருக்கா வாங்கோ. நானும் ஆரபியும் உங்களோடை வாறம்" என்று மட்டும் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தவன் அவன்தான். அவளை ஒருவனிடம் பிடித்துக் கொடுக்காமல் தனக்கொரு கலியாணம் வேண்டாம் என்று முப்பத்தாறு வயதுவரை இருந்தவன். அவளுக்கு இந்த உலகத்தில் இனி அந்த ஒரு கதவுதான்.

வெள்ளிக்கிழமை குகநேசனை வீட்டுக்கு விட்டார்கள். துண்டு தரும்போது டொக்டர் அவளையும் இருத்திச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும். விரதமோ கலியாண வீடோ, விடக்கூடாது. வேறு போத்தலில் மாற்றி வைக்கக்கூடாது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் சொன்ன திகதியில் இரத்தம் சோதிக்கவேண்டும். நாட்டு மருந்தோ நோவுக் குளிசையோ, எதுவென்றாலும் முதலில் தங்களைக் கேட்கவேண்டும். வீட்டில் ஒருவர் பார்த்திருக்க எடுப்பது நல்லது என்றும் சொன்னார். குகநேசன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கொப்பியைப் பைக்குள் வைத்தாள்.

ரூபன் பன்னிரண்டு மணிபோல் மோட்டச்சைக்கிளில் வந்தான். அறைக்குள் அவளுடைய பை கட்டி இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எல்லாருக்கும் வாழையிலை போட்டாள். சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, வெந்தயக் குழம்பு. முற்றத்தில் தேங்காய் ஏற்ற வந்த சந்தைக்காரர் இரண்டு பேர் காய்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரூபன் பையைப் பார்த்தான், பார்க்காததுபோல் இலையில் கையை வைத்தான்.

"பிள்ளை, ஆத்திரத்திலை ஒண்டும் செய்யாதை," என்றான். "வருத்தக்காரனை விட்டிட்டு வந்தா சனம் என்ன கதைக்கும். எங்கடை வீட்டிலையும் என்ரை மனுசிக்கு இப்ப ஏலாது."

"நான் கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணை."

"அதில்லை. நீ விளங்காமல் பயப்பிடுறாய். உது தொட்டா ஒட்டாது, ஒண்டாச் சாப்பிட்டா ஒட்டாது. மூண்டு ஊசி போட்டா உனக்கு ஒரு நாளும் வராது. நான் அண்டைக்கே ஒரு டொக்டரிட்டை விசாரிச்சனான்."

சிவகௌரியின் கையில் குழம்புச் சட்டி இருந்தது. அதை நிலத்தில் வைத்தாள்.

"எண்டைக்கு?"

ரூபன் சோற்றைப் பிசைந்தான்.

"நான் உங்களுக்கு ஈரல் வருத்தம் எண்டு மட்டும்தானே சொன்னனான். ஒட்டுற வருத்தம் எண்டு ஆர் சொன்னது? எண்டைக்கு விசாரிச்சனீங்கள்?"

பூரணம் எழும்பப் பார்த்தாள். குகநேசன்தான் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"கலியாண எழுத்துக்கு முதல் கிழமை நான் மச்சானுக்குச் சொன்னனான், கௌரி. சத்தியமாச் சொன்னனான். உமக்குச் சொல்லச் சொல்லித்தான் சொன்னனான். அவளுக்குச் சொல்லாதேங்கோ, குழப்பிப்போடுவாள், நேரம் பாத்து ஊசியையும் போடுவிச்சு நானே பக்குவமாச் சொல்லுறன் எண்டவர்."

"அண்ணை?"

"உனக்கு அப்ப முப்பத்தொரு வயது, பிள்ளை," என்றான் ரூபன். "வந்ததெல்லாம் தட்டிப் போச்சு. அந்தப் பக்கம் எனக்குப் பேசின பொம்பிளையின்ரை வீட்டுக்காரர் இனியும் பாத்திருக்கமாட்டம் எண்டு நிண்டவை. ஊசியை இண்டைக்குப் போடுவம், நாளைக்குப் போடுவம் எண்டு..."

அவளுடைய கலியாணம் வைகாசியில். அவனுடையது ஆவணியில். இடையில் ஆடி மாதம் அவள் மஞ்சளாய்க் கிடந்தாள். அவளைப் பார்க்க ஒருமுறை வந்தவன், கலியாண வேலை தலைக்கு மேலே கிடக்கு என்று அரை மணித்தியாலத்தில் போனான். போகும்போது தோடம்பழம் வைத்துவிட்டுப் போனான்.

"அந்த ஊசி எனக்கு இனித் தேவையில்லையாம் அண்ணை," என்றாள். "வருத்தமே வந்து போட்டுதாம்."

கிணற்றுத் தண்ணீரால் வந்த செங்கமாரி என்றே பூரணம் அன்று ரூபனுக்கும் சொல்லியிருந்தாள். அவன் நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தான், பிறகு பூரணத்தைப் பார்த்தான். பூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவகௌரி அழவில்லை. அறைக்குள் போனாள். பையை எடுத்துக்கொண்டு வரப்போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக் குளிசைப் போத்தலோடு வந்தாள். ஒரு குளிசையை மூடியில் கொட்டி, தண்ணீர்ச் செம்பையும் குகநேசனுக்கு முன்னால் வைத்தாள்.

"என்ன குளிசை எண்டு சொல்லிப்போட்டு எடுங்கோ."

அவன் முற்றத்தைப் பார்த்தான். சந்தைக்காரர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, மெல்லக் கதை," என்றாள் பூரணம். "சனம் நிக்குது."

"நிக்கட்டும். நீங்கள் உலகம் முழுக்க ரெலிபோன் எடுத்தனீங்கள்தானே மாமி. அதிலை விட்டதைத்தான் இவர் சொல்லப்போறார்." அவனிடம் திரும்பினாள். "சொல்லுங்கோ. இந்த வீட்டிலை இருக்கிறதோ போறதோ எண்டதைப் பேந்து நான் பாப்பன். நான் இருக்குமட்டும் இதைச் சொல்லாமல் நீங்கள் விழுங்கேலாது."

"ஈரலுக்கு," என்றான் குகநேசன்.

"கேக்கேல்லை."

"ஹெப்படைட்டிஸ் பி. எனக்கு ஒன்பது வருசமா இருக்கு." இந்த முறை முற்றத்தில் நின்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குளிசையை வாயில் போட்டுச் செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தான்.

ரூபன் கை கழுவ எழும்பினான். இலையில் சோறு பாதி அப்படியே கிடந்தது.

"நீங்கள் இருங்கோ அண்ணை," என்றாள் அவள். "ஏழு வருசத்துக்கு முதல் எனக்குச் சொல்ல இருந்ததைச் சொல்லிப்போட்டு எழும்புங்கோ."

அவன் இருந்தான்.